எருக்கூடையைக் கூப்பிட ஆள் இல்லை

தளபதி லியாவ் திங்பாங்கின் தலையை நான்கு வருடம் நான்தான் மழித்தேன். பதினைந்து வருடம் எதிரிப் படை துரத்தியும் கைக்குச் சிக்காத கழுத்து அது. என் கடை நாற்காலியில் சாய்ந்தால் கத்திக்கு அடியில் கோழிக் கழுத்து மாதிரி நீட்டிக்கொண்டு கிடக்கும். இதைச் சொல்லிச் சொல்லியே ஷிதாங் கடைத்தெருவில் பாதி வாடிக்கையைப் பிடித்தேன் என்பது வேறு விஷயம்.

அவர் கதை ஊருக்கே தெரியும். பக்கத்து மலையில் லாங்கெங் கிராமத்துக்காரர். பதினாறு வயதில் செம்படையோடு கிளம்பிப் போனவர். பனிமலை ஏறி, சதுப்பு நிலம் தாண்டி, உயிர் பிழைத்து, படைப்பிரிவுக்குத் தளபதியாகி, விடுதலைக்குப் பிறகு வேறு மாகாணத்தில் துணை ஆளுநராகவும் இருந்தார். கலாச்சாரப் புரட்சியில் அவரையும் விடவில்லை. காகிதத் தொப்பி மாட்டித் தெருத் தெருவாக இழுத்துப் போய், கடைசியில் பன்றி மேய்க்க அனுப்பினார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டுப் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மொத்த வாழ்க்கையில் அந்தப் பன்றிப் பண்ணையைப் பற்றி மட்டும்தான் அவர் வாய் நிறையப் பேசுவார்.

"பன்னி சல்யூட் அடிக்காதுடா ஷுய்ஷெங். பசிச்சா கத்தும், வயிறு ரொம்பினா தூங்கும். அப்புறம் பாத்த மனுஷங்க ஒருத்தன்கூட அவ்வளவு நேர்மையா இல்ல."

மனைவி இறந்து, மகன் தலைநகரத்தில் பெரிய வேலையில் உட்கார்ந்த பிறகு, சொந்த மாவட்டத்துக்கே போகிறேன் என்று கிளம்பி வந்துவிட்டார். மாவட்ட அலுவலகம் நடுங்கிப் போனது. ஆற்றோரமாக வெள்ளையடித்த வீடு, வாசலில் பம்ப்ளிமாஸ் மரம், கூடவே கவனித்துக்கொள்ள பான் என்று ஓர் அதிகாரி. இந்தப் பான் வழுக்கைத் தலையும் பின்னங்கழுத்தில் காயாத வியர்வையுமான மனிதர். தளபதி தும்மினால் இவர் தலைமையகத்துக்குப் போன் செய்வார்.

மனிதர் தெருவில் இறங்கினால் தெருவே எழுந்து நிற்கும். கீரைக்காரி குந்தியிருந்தவள் எழுவாள். குளிர்காய்கிற கிழவர்கள் எழுவார்கள். பேசிக்கொண்டிருந்த பேச்சு அப்படியே அறுந்துவிடும். அவர் கடந்து போனதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பாலத்துப் பக்கம் கற்பூர மரத்தடியில் சதுரங்கம் ஆடுவார்கள். அவரும் ஆசையாகப் போய் உட்கார்ந்தார். எவன் எதிரில் உட்கார்ந்தாலும் தோற்றான். எங்கள் ஊரிலேயே பெரிய ஆட்டக்காரனான டோஃபு கிழவன், தன் தேரைக் கொண்டுபோய் அவர் குதிரையின் வாயிலேயே வைத்தான்.

"தோக்கறதுக்குன்னே பெத்துப் போட்டிருக்காங்களா இந்த ஊர்ல?" என்று எரிந்து விழுந்தார். "இவனுங்களுக்காகவா நான் சண்டை போட்டேன்?"

அடுத்து நான் உட்கார்ந்தேன். எனக்குச் சதுரங்கம் அரைகுறை. எங்கள் ஊர்ச் சதுரங்கத்தில் தேர், குதிரையோடு பீரங்கியும் ஒரு காய். அவர் மூக்குச் சிந்திய நேரம் பார்த்து அவருடைய பீரங்கிக் காயை எடுத்து என் கைமடிப்பில் போட்டுக்கொண்டேன். மணிக்கட்டை அப்படியே பிடித்தார். அந்த வயதில் என்ன பிடி!

"திருட்டுப் பயலே! என் பீரங்கி எங்கடா?"

"எந்தப் பீரங்கி தலைவரே? அது போன சண்டையிலயே எதிரிகிட்ட போயிடுச்சே."

சுற்றி நின்றவர்கள் மூச்சை நிறுத்திவிட்டார்கள். பானுக்கு மயக்கமே வந்தது. கிழவர் இருமல் வரும்வரை சிரித்தார். அன்றிலிருந்து சவரத்துக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, அவரே என் கடைக்கு வர ஆரம்பித்தார். தலையில் முடி இல்லாத வாரமும் வருவார். நான் வெறும் மண்டையில் சோப்பு நுரை போட்டுச் சுரண்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊர் வம்பு கேட்பார்.

கேட்கிற வம்பிலும் ஒரு குறி இருந்தது என்பது எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. எப்போதும் தன்னைவிடப் பெரியவர்களையும் தன்னோடு வளர்ந்தவர்களையும் பற்றியே கேட்பார்.

"கீழ்த்தெரு கொல்லன் இருக்கானா?"

"பஞ்சத்துலயே போயிட்டார்."

"என் கூட எருமை மேய்ச்ச அந்தத் திக்குவாய்?"

"அவரும் உங்க கூடத்தானே கிளம்பினார், தலைவரே."

எங்கள் பள்ளத்தாக்கில் இருந்து அவரோடு கிளம்பிய பையன்களில் திரும்பி வந்தது அவர் ஒருவர்தான். அவர் ஆளைத் தேடவில்லை. தன்னைப் பழைய பெயரில் கூப்பிடக்கூடிய வாயைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் முதலில் ஓர் அசிங்கமான பெயர் வைப்போம். நாய்க்கால், பன்றிச்சேறு, ஓட்டைச்சட்டி, இப்படி. பேய் வந்து பார்த்தால், சே, இதைப் போய் யார் தூக்குவான் என்று விட்டுப் போக வேண்டும். எனக்கும் ஒன்று உண்டு, அது என் பெண்டாட்டிக்கே தெரியாது. அந்தப் பெயரைப் பெரியவர்கள் கூப்பிடலாம், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் கூப்பிடலாம். சின்னவர்கள் வாயில் வரக் கூடாது. ஒருவன் வெளியூரில் செத்துப்போனால், அவன் உடுத்திய சட்டையை மூங்கிலில் மாட்டி, கூரைமேல் ஏறி, அடுத்தடுத்த சாயங்காலங்களில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆவியை வீட்டுக்குக் கூப்பிடுவோம். முதலில் காதில் விழுந்த பெயர் மட்டும்தான் ஆவிக்குத் தெரியும். கூரையில் ஒருமுறை கூப்பிட்டாகிவிட்டால் பெயர் மூடிவிட்டது என்று அர்த்தம். அதன்பின் உயிரோடு இருக்கிற யாரையும் அந்தப் பெயரில் கூப்பிட மாட்டார்கள்.

தளபதியின் பெயர் எருக்கூடை. நான் அவருக்குச் சின்னவன், சொல்லக் கூடாது. எழுதினால் கூப்பிட்டதாகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். படையில் சேர்ந்த அன்று, இந்தப் பெயரை எப்படிடா எழுதுவது என்று அங்கிருந்த அரசியல் போதகர்தான் திங்பாங் என்று மாற்றினாராம். நாட்டை நிலைநிறுத்துகிறவன் என்று பொருள்.

ஒரு நாள் நுரைக்கு அடியிலிருந்து அவரே சொன்னார்.

"எங்கம்மா என்னைக் கூப்பிட்டுட்டாங்கடா."

எனக்குப் புரியவில்லை. "எங்க, தலைவரே?"

"கூரைமேல. கால்ல குண்டு வாங்கித் திரும்பின வேற பள்ளத்தாக்குக்காரன் ஒருத்தன், நான் ஆத்துல போயிட்டேன்னு ஊர்ல சொல்லிட்டான். நான் அங்க சதுப்பு நிலத்துல பெல்ட்டை வேகவெச்சுத் தின்னுக்கிட்டிருக்கேன். இங்க என் கணக்கை முடிச்சுட்டாங்க."

"அதெல்லாம் மூடநம்பிக்கை தலைவரே. நீங்க கட்சி உறுப்பினர்."

"ஆமா, மூடநம்பிக்கைதான்." உதட்டில் வழிந்த நுரையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அதுக்கப்புறம் எங்க தூங்கினாலும் அடுத்தவன் கட்டில்ல தூங்கற மாதிரியே இருக்கு. பொண்டாட்டியும் திங்பாங்னுதான் கூப்பிட்டா. நல்லவதான், பாவம். அவ கூப்பிடறப்பல்லாம் பின்னாடி வேற யாரோ நிக்கறாங்களான்னு திரும்பிப் பாப்பேன்."

கூப்பிட உரிமை இருந்த ஒரே ஜீவன் அப்போது லாங்கெங்கில் இருந்தது. லாய் சியூநியாங். நாலு வயதில் கூடையில் வைத்துத் தூக்கி வந்து, பின்னால் மருமகளாக்கலாம் என்று லியாவ் வீட்டில் வளர்த்த பெண். அவரைவிட இரண்டு வயது மூத்தவள். அவர் கிளம்பியபோது கல்யாணம் ஆகவில்லை. ஆனால் ஊர் அவளை அவர் மனைவி என்றே சொன்னது, பிறகு அவருடைய விதவை என்று சொன்னது. விடுதலைக்குப் பிறகு ஒருமுறை அவர் ஜீப்பில் ஊருக்குப் போயிருக்கிறார். அம்மா செத்து ரொம்பக் காலம் ஆகியிருந்தது. வேறு பெண்ணோடு அவருக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. ஜீப் சத்தம் கேட்டதும் சியூநியாங் விறகு வெட்டக் காட்டுக்குள் போனவள், ஜீப் போகும்வரை இறங்கவே இல்லை. அவர் விட்டுப்போன நல்ல ராணுவத் துணியைப் பன்றிக் கொட்டிலுக்குத் திரையாகத் தைத்துப் போட்டாள்.

இவர் திரும்பி வந்த பிறகு அதிகாரி பான் பிஸ்கட் டப்பாக்களோடு இரண்டு தடவை லாங்கெங் போனார். முதல் தடவை அவர் தட்டத் தட்ட, அவள் கதவைத் திறக்காமலே செவிடு மாதிரி நடித்தாள். இரண்டாம் தடவை பான் திரும்பி வந்தபோது தளபதி என் நாற்காலியில் இருந்தார்.

"தலைவரே, வருத்தமான செய்தி. அந்த அம்மா போன வருஷமே தவறிட்டாங்களாம். பக்கத்து வீட்டு அம்மா சொன்னாங்க."

கையில் கத்தியோடு இருந்ததால் அவர் தாடை எனக்குத் தெரிந்தது. அது முதலில் இறுகியது, பிறகு இறுக்கமே இல்லாமல் தொங்கியது. எத்தனையோ பிணத்துக்குச் சவரம் செய்திருக்கிறேன். அந்த மாதிரித் தாடை பிணத்துக்குத்தான் இருக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பக்கத்து வீட்டு அம்மா எப்படி இருந்தாங்க சார்? குள்ளமா, இடது கன்னத்துல மரு, வாய் நீளமா?"

"ஆமா."

"செத்துப்போனது அவங்கதான். முந்தாநாள்தான் எனக்குப் புளிச்ச முள்ளங்கி குடுத்தாங்க."

தளபதி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நுரையோடு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். பானை வெளியே அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீ அந்தப் பக்கம் போவேல்ல? சும்மா கேட்டுட்டு வா."

"என்ன கேக்கணும்?"

"ஒண்ணுமில்ல. அவளுக்கு… அந்தப் பேரு ஞாபகம் இருக்கான்னு."

மலைக் கிராமங்களுக்குச் சவரப் பெட்டியோடு நான் போய்வருவது வழக்கம். லாங்கெங்கில் கடைசி வீடு அவளுடையது. பன்றிக்குச் சக்கரைவள்ளிக் கொடி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாடா ஓட்டைவாய். கீழ என்ன நாறுது, சொல்லு."

"நீங்க செத்துட்டீங்களாம் அத்தை. துக்கம் விசாரிக்க வந்தேன்."

"நல்லதாப் போச்சு. அந்த வழுக்கைக்காரன் இனி வரமாட்டான்ல? பிஸ்கட் ஒரே இனிப்பு. பன்னிகூட முகத்தைத் திருப்பிக்குச்சு."

சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன். அவள் கத்தி நிற்கவில்லை. நறுக்கிக்கொண்டே பேசினாள்.

"பேரு மறக்குமா? முதல் சாயங்காலம் அம்மா கூப்பிட்டாங்க. அதோட அவங்க தொண்டை போயிடுச்சு. மிச்சத்தை நான்தான் கூப்பிட்டேன். வாயில ரத்தம் வந்துச்சு. அவனும் வந்தான்."

"யாரு?"

"வேற யாரு? அவன்தான். எதிரியோட வெள்ளைப் படை ஊரைக் கொளுத்தினப்போ நான் அரிசியை எடுக்கல, அவன் சட்டையைத்தான் எடுத்துக்கிட்டு ஓடினேன். அம்மா போன அன்னைக்கு இந்த வீட்டுல நானும் அவனும்தான் இருந்தோம். இன்னி வரைக்கும் அப்படித்தான்." உள்ளே மேசையைத் தாடையால் காட்டினாள். சுவரோரம் ஓர் இடம், அதன் முன்னால் நீல விளிம்பு போட்ட கிண்ணம், மேலே சாப்பாட்டுக் குச்சிகள். "கீழ இருக்கற பெரிய மனுஷன் யாரோ, எவரோ. நான் பாத்ததில்ல."

இதை அப்படியே போய்ச் சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வரும்தான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. அவர் காரை வேண்டாம் என்றார், பானை வேண்டாம் என்றார். ஒரு காலையில் என்னோடு நடந்தே மலை ஏறினார். வழியில் நாலைந்து இடத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இயற்கைக் காட்சி பார்க்கிறாராம்.

சியூநியாங் வாசலில் நின்றிருந்தாள். இந்த முறை காட்டுக்குள் ஓடவில்லை. அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"வாங்க," என்றாள். "உள்ள வந்து உட்காருங்க."

அந்த "ங்க"வில் அவர் வாசற்படியிலேயே ஒரு கணம் நின்றுவிட்டார். பிறகு உள்ளே போய்ப் பழக்கத்தில் சுவரோர இடத்துக்கே கால் வைத்தார். சின்ன வயதில் அதுதான் அவருடைய இடம்.

"அங்க வேண்டாங்க. அங்க ஆள் இருக்கு."

அவர் நகர்ந்து, விருந்தாளிகள் உட்காரும் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தேநீர் ஊற்றினாள். புளிச்ச முள்ளங்கியும் அரிசி அப்பமும் வைத்தாள். விருந்தாளிக்கு வைப்பது போல இரண்டு கையாலும் வைத்தாள். அவர் அப்பத்தைப் பிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் உயிரோடதான் இருக்கேன், சியூநியாங்."

"இருங்க. நல்லா இருங்க. யாரு வேண்டாம்னா?"

"அன்னைக்கு அம்மா கூப்பிட்டது தப்பாப் போச்சு."

"ஒண்ணும் தப்பாகல. கூப்பிட்டோம், வந்தான்."

"அப்ப நான் யாரு?"

அவள் என் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். அது ஏற்கனவே நிறைந்திருந்தது.

"ஒரே ஒரு தடவை…" என்று ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கான பேரை ஒரு குரலில் எழுப்பி நடத்தியவர். அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை.

"நான் கூப்பிட்டா அவன் கிளம்பிடுவான்," என்றாள். இந்த முறை குரலில் முறுக்கு இல்லை. "உங்களுக்குத் தாரை தப்பட்டை, கார், ஆளு அம்பு எல்லாம் இருக்கு. எனக்கு அவன் ஒருத்தன்தாங்க."

இறங்கி வரும்போது, லாங்கெங் கண்ணுக்கு மறைகிற வளைவில் நின்று, "அவ சொல்றது சரிதான். அந்தப் பய அங்கயே இருக்கட்டும்," என்றார். "என்கூட வந்திருந்தா மட்டும் என்ன வாழ்ந்திருப்பான்?" அதற்குப் பிறகு கடைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் வம்பு கேட்கவில்லை. பீரங்கிக் காயை அவர் கண்ணெதிரே திருடிப் பார்த்தேன். பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி மாவட்ட மருத்துவமனையில் படுத்தார். தனி அறை, வாசலில் ஆள், உள்ளே மாகாணத்திலிருந்து வந்த டாக்டர். பிழைப்பது சந்தேகம் என்று நர்ஸ் என்னிடம் கிசுகிசுத்தாள். நான் நேராக லாங்கெங் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை.

அவள் அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பக்கத்துல யாரு இருக்கா?" என்றாள்.

"அதிகாரி பான் இருக்கார். டாக்டர் இருக்கார். ரெண்டு நர்ஸ்…"

"ஆளைக் கேட்டேன்டா."

"யாரும் இல்ல அத்தை."

"மகன்?"

"போன் பண்ணினாராம். மீட்டிங்ல இருக்காராம்."

அடுப்பை அணைத்தாள். அறைக்குள் போய் அரிசிச் சாடிக்குள் கையை விட்டு ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தாள். நீலச் சட்டை, வெளுத்து வெள்ளையாகவே ஆகிவிட்டது. பதினாறு வயதுப் பையனுடைய தோள் எவ்வளவு குறுகல் என்று அப்போதுதான் தெரிந்தது. துணி காயப்போடும் மூங்கிலை உருவிச் சட்டையை மாட்டினாள்.

"ஏணியைப் பிடி."

"அத்தை, வழுக்கும். உங்களுக்கு எழுபது தாண்டியாச்சு."

"நான்தான் செத்துட்டேனேடா. இனி என்ன ஆகும்? பிடி."

பன்றிக் கொட்டில் கூரைதான் தாழ்வு. அதில் ஏறினாள். நான் கீழே நின்று அவள் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு அழைக்க மூங்கிலைத் தன் பக்கமாக இழுத்து அசைப்பார்கள். அவள் வெளிப்பக்கமாக, கீழே ஷிதாங் போகிற பாதைப் பக்கமாக வீசி அசைத்தாள்.

"எருக்கூடை! டேய் எருக்கூடை! கிளம்புடா! கீழ இருக்கான், தனியா இருக்கான், அவன்கிட்டப் போ! ஆத்தோரமாவே போ, குறுக்கு வழியில போகாத! பாலத்துக்கிட்ட அந்த நாய் நிக்கும், பயப்படாத, குனிஞ்சு கல்லை எடுக்கற மாதிரி காட்டு, ஓடிடும்! எருக்கூடை! போயிட்டு… போடா!"

போயிட்டு வா என்று வாயில் வந்ததை அவள் விழுங்கியது எனக்குக் கேட்டது.

இறங்கிச் சட்டையை மடித்து என் கையில் கொடுத்தாள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மருத்துவமனை வாசலில் பான் மறித்தார். "என்னய்யா மூட்டை?"

"சவரத் துண்டு சார். தலைவருக்கு நாலு நாளா முள்ளு முள்ளா இருக்கு. நாளைக்குப் பெரிய மனுஷங்க பாக்க வந்தா உங்களைத்தான் கேப்பாங்க." பான் வழிவிட்டார்.

கிழவர் மூக்கில் குழாயோடு கிடந்தார். நுரை போடுகிற சாக்கில் குனிந்து சட்டையை அவர் கைக்குக் கீழே வைத்தேன். விரல்கள் துணியைத் தடவின. காலர் வந்ததும் நின்றன. காலரில் அவர் அம்மா போட்ட ஒட்டு இருந்தது.

"கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டாங்க தலைவரே."

"எந்தப் பேரு?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"ஊரு பூரா நாறடிக்கற வாயி," என்றார். சிரிப்புச் சத்தமாக வரவில்லை, வயிறு மட்டும் குலுங்கியது. "வேற என்ன சொன்னா?"

"பாலத்துக்கிட்ட நாய் நிக்கும், பயப்படாதேன்னாங்க."

காலரைப் பிடித்தபடி, "கறுப்பு நாய்," என்றார். "ஒத்தைக் காது."

அந்தப் பாலத்தில் அப்படி ஒரு நாயை நான் பார்த்ததில்லை, நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போயிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார். நான் சவரத்தை முடித்தேன். அவர் கழுத்தில் எப்போதும் இருக்கும் அந்த விறைப்பு, யாரோ பின்னாலிருந்து கூப்பிடுவார்களோ என்று பாதி திரும்பியே இருக்கும் விறைப்பு, அன்று இல்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். தூங்கத்தான் செய்தார். அந்த வாரமே தூக்கத்திலேயே போய்விட்டார்.

மலர்வளையங்கள் தெருமுனை வரை நின்றன. லியாவ் திங்பாங் என்ற பெயரை ஒலிபெருக்கியில் பதவிகளோடு சேர்த்துப் படித்தார்கள். முடிக்க வெகுநேரம் ஆனது. மகன் விமானத்தில் வந்து கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். கடைசிச் சவரம் என்னுடையது. சீருடைக்கு உள்ளே, நெஞ்சோடு ஒட்டி அந்தச் சட்டையை வைத்துப் பொத்தானைப் போட்டேன். பான் பார்த்தார். முதல்முறையாக யாருக்கும் போன் செய்யாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புத்தாண்டு கழித்து லாங்கெங் போனேன். வழக்கமாகக் கீழ என்ன நாறுது என்று கேட்கிறவள் ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் ஒரே ஒரு கிண்ணம் இருந்தது. நீல விளிம்புக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து அலமாரியில் கிடந்தது. நான் நாலு வம்பு சொல்லிப் பார்த்தேன். பானுக்குப் பதவி உயர்வு வந்ததைச் சொன்னேன். டோஃபு கிழவன் இப்போது மறுபடி எல்லோரையும் தோற்கடிப்பதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

எங்கே உட்காருவது என்று தெரியாமல் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"எங்க வேணா உட்காருடா," என்றாள். "இப்ப எல்லா இடமும் காலிதான்."